குறுக்குப் பலகை

கோவையில் ஸ்பீக்கர் செய்கிற கம்பெனி ஒன்று. ஒலி விஷயத்தில் அங்கே ரெஜினாதான் குரு. சீடர் வெள்ளைச்சாமி அவரைவிட வயதில் மூத்தவர். ஊர் ஊராகத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டியவர். ஆள் உயர ஸ்பீக்கரை அலற வைத்த மனிதருக்கு, சட்டைப் பையில் போகிற மியூசிக் பிளேயரைச் செருகிப் பாட்டுக் கேட்கும் சின்னப் பெட்டி செய்ய ஆசை வந்துவிட்டது. ஆசை யாரை விட்டது!

செய்தும் முடித்தார். பெட்டி அதிராமல் இருக்க உள்ளே ஒரு குறுக்குப் பலகை. அதைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்குள் பாதி முடி கொட்டிவிட்டது.

அன்று கடைக்காரர்கள் பெட்டியைக் கேட்டுப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் பெட்டி சந்தைக்குப் போகும். இல்லையென்றால் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

பாட்டு ஓடியது. முடிந்ததும் பாடகியின் குரலைப் பற்றியே பேசிக்கொண்டு டீ குடிக்க வெளியே போனார்கள்.

வெள்ளைச்சாமியின் முகம் தொங்கிப்போயிற்று.

"பெட்டியப் பத்தி ஒருத்தராச்சும் வாயத் தொறந்தாங்களா மேடம்? நான் செஞ்ச வேலை எங்கீங்க போச்சு?"

மாதிரிப் பெட்டிதானே, பசை போடாமல் திருகாணியில் நின்றது. ரெஜினா பின்மூடியைக் கழற்றி, குறுக்குப் பலகையை உருவி அவர் கையில் கொடுத்தார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

கடைக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் அதே பாட்டைப் போட்டார். மிருதங்கம் விழுந்த இடத்திலெல்லாம் பெட்டி கடகடவென்று அதிர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"என்னங்க, பொட்டி இப்படி உறுமுது?" என்றார் ஒருவர்.

ரெஜினா சீடரிடம் மெல்லச் சொன்னார்: "இப்ப எல்லாரும் உங்க பெட்டியத்தான் பாக்கறாங்கண்ணா. போதுமா?"

வெள்ளைச்சாமி பாய்ந்து போய்ப் பாட்டை நிறுத்தினார். "ஒரு நிமிசங்க, ஒரே நிமிசம்" என்று கெஞ்சி, பலகையைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார்.

மறுபடியும் பாட்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவரின் விரல் தொடையில் தாளம் போட்டது. பெட்டியை யாரும் பார்க்கவில்லை. வெள்ளைச்சாமிக்கு நெஞ்சு விம்மியது. மகள் மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கிற அப்பா மாதிரி ஓரமாக நிமிர்ந்து நின்றார்.

பாட்டு முடிந்தது. கடைக்காரர்களில் மூத்தவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"இந்தம்மா இன்னொரு பாட்டுப் பாடுவாங்களா?"

ரெஜினா வெள்ளைச்சாமியின் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தான் கேக்கறார். சொல்லுங்கண்ணா."