ஏரி முரசு கேட்டு வந்தவர்கள்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால மருதஞ்சேரி நாட்டைக் கோதண்டவர்மர்ங்கிற ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனா கடைசியா காதுல ஓதினவங்க பேச்சுதான் அவருக்கு வேதம். அப்படி ஓதறதையே தொழிலா வச்சிருந்தார் குலசிகாமணியார்ங்கிற சபைப் பிரபு. தன் வம்சத்துல பதினாலு தலைமுறைப் பெயரையும் மூச்சு விடாமச் சொல்லுவார். தானா ஒரு துரும்பைக்கூட நகர்த்தினதில்லை.

மழைக்காலம் தொடங்கற நேரம், அவர் சபையில எழுந்து நின்னார்.

“மகாராஜா, நாடு கலந்துபோச்சு. முன்னோர் வச்சது வச்சபடி இருக்கணும், ஒரு கல்லைக்கூட மாத்தக்கூடாது. ஏழு தலைமுறை இங்கே வாழாதவன் இந்த நாட்டான் இல்லை. இந்த ரெண்டையும் சட்டமாக்குங்க.”

ராஜாவுக்கு அது பிடிச்சுப்போச்சு. முதல் அடி யார்மேல விழுந்தது தெரியுமா? ஏரிக்கு வடக்கே கோரைப்பாய் முடையற நாப்பது குடும்பத்துமேல. ரெண்டு தலைமுறைக்கு முன்னால பஞ்சத்துல ஆத்தைக் கடந்து வந்த ஜனங்க அவங்க. அவங்களுக்காகப் பூவாயின்னு ஒருத்தி சபைக்கு வந்தா.

“எங்க அப்பாவை இங்கேதான் புதைச்சிருக்கோம் சாமி. நாங்க எங்கே போறது?”

“ஒருத்தர் போதாதும்மா, ஏழு பேர் வேணும்”னார் குலசிகாமணியார். சபையில நாலு பேர் சிரிச்சாங்க. இன்னிக்கு நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மந்திரி அம்பலவாணர் சிரிக்கலை. ஏரிக்கரையில மூணாவது மதகுப் பக்கம் நீர் கசியுதுன்னு மூணு தடவை சொல்லி, ‘முன்னோர் கரையில கை வைக்காதீங்க’ன்னு குலசிகாமணியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவர் அவர்.

“அரசே, முன்னோர் வச்சதைக் காப்பாத்தணும்ங்கறதுல இவரைவிட எனக்கு அக்கறை அதிகம். ஆனா யார் அதைக் காப்பாத்தறாங்கன்னு பார்த்துட்டுச் சட்டம் போடலாமே. நாளை உச்சிக்குள்ள இந்த நாட்டார் யாருன்னு கண்ணுல காட்டறேன். காட்டலைன்னா இவங்களோட நானும் ஆத்தைக் கடக்கறேன்.”

“காட்டும். ஆனா இவங்க விடிஞ்சதும் கிளம்பியாகணும்”னார் ராஜா.

மறுநாள் காலையில மழை கொட்டுது. பாய்க்காரங்க மூட்டை முடிச்சோட ஆத்துப் பாதையில போறாங்க, பெத்த பிள்ளைகளை இடுப்புல சுமந்துக்கிட்டு. அப்போ ஏரி முரசு அதிர்ந்துச்சு. அந்த நாட்டுல ஒரு வழக்கம் உண்டு. ஏரி முரசு கேட்டா வீட்டுக்கு ஒருத்தர் ஒரு கூடை மண்ணோட கரைக்கு வந்தாகணும். அதை வீணா அடிச்சவனுக்கு நாடு கிடையாது. அன்னிக்கு அடிச்சவர் அம்பலவாணர்.

ராஜா கோபத்தோட குதிரையில வந்து சேர்ந்தார். பார்த்தா, மூணாவது மதகுகிட்ட கரை பிளந்து தண்ணி பீறிடுது. உழவர், வண்ணார், குயவர், கோயில் மேளக்காரர், எல்லாரும் கூடையோட ஓடறாங்க. நடுவுல அந்த நாப்பது குடும்பமும். மூட்டையெல்லாம் பாதையிலேயே கிடக்குது. அவங்ககிட்ட கூடை இல்லை, பாயிலேயே மண்ணைச் சுருட்டிக் கட்டி உடைப்புல அடுக்கறாங்க. கூடையில கொட்டின மண்ணு கரைஞ்சு போகுது, பாயில சுருட்டினது நிக்குது. அந்தக் கரையில அதுக்கு முன்னால யாரும் அப்படிச் செஞ்சதில்லை.

தண்ணி அடங்கற சமயத்துல ஒரு பல்லக்கு வந்து நின்னுது. குலசிகாமணியார் இறங்கினார். கையில வெள்ளிக் கூடை, கூடை நிறையச் செவ்வந்திப் பூ.

“முதல் கூடை எங்க வம்சத்து மரியாதை. வழி விடுங்க.”

கழுத்து வரைக்கும் சேறா நின்ன பூவாயி கூடைக்குள்ள எட்டிப் பார்த்தா. “ஐயா, மண்ணு எங்கே?”

“எங்க வழக்கம் இதுதாம்மா”ன்னார் மனுஷன், உண்மையிலேயே நம்பி. பாவம், அவர் அப்பா அப்படித்தான் வந்தார், தாத்தாவும் அப்படித்தான். யாரும் சிரிக்கலை.

அம்பலவாணர் ராஜா பக்கம் திரும்பினார்.

“அரசே, இவர் மூதாதை இங்கே முதல் மண்ணைக் கொட்டினது நிஜம். அவருக்கு அப்புறம் அந்த வம்சத்துல வந்தவங்க வேட்டி அழுக்காகாம இருக்கப் பாதி கொண்டு வந்தாங்க. பிறகு கூடை வெள்ளியாச்சு, மண்ணு பூவாச்சு. நம்ம முன்னோர் போட்ட மண்ணு எப்பவோ தண்ணியில போயிடுச்சு. வருஷாவருஷம் யாரோ புது மண்ணு போட்டதாலதான் இது இன்னும் முன்னோர் கரையா இருக்கு. அந்த யாரோதான் இந்த நாட்டார். இன்னிக்கு வந்து நிக்கறாங்க, பாருங்க.”

 ராஜா தன் மேலாடையைக் கழட்டி மந்திரி தோள்ல போட்டார். “குலசிகாமணியாரே, பூவைக் கொட்டிட்டு மண்ணை நிரப்பும். அதுவரைக்கும் சபையில உமக்கு இடமில்லை”ன்னார். பிரபு வெட்டத் தெரியாம மண்வெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பக்கத்துல இருந்த பாய்க்காரர் ஒருத்தர் எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிக் கொடுத்தார்.

ராஜா குதிரையை விட்டு இறங்கிப் பூவாயிகிட்ட வந்தார்.

“நான்தான் உங்களைப் போகச் சொல்லிட்டேனே. ஆத்துக்கிட்ட போனவங்க எதுக்கும்மா திரும்பி வந்தீங்க?”

பூவாயிக்கு அந்தக் கேள்வியே விளங்கலை.

“முரசு அடிச்சுதே சாமி”ன்னா.

ராஜா தலை குனிஞ்சவர் நிமிரலை. அப்படியே உட்கார்ந்து, கையால மண்ணை அள்ள ஆரம்பிச்சார்.