சாகாத விளக்குக்காரி

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு ஐஸ் கம்பெனி. அதன் மாடியில் இசக்கி குடியிருந்தாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் டிசைன் போடுவது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாடியறையில் ஆட்டம் நடத்துவாள். மேசையைச் சுற்றிச் சிலர் உட்காருவார்கள். இசக்கி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்கி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும்.

அவள் நடத்தியது பழைய முறை ஆட்டம். அதில் கதைக்குள் இருக்கிற ஆட்கள் சுலபமாகச் செத்துப்போவார்கள். திறக்கக்கூடாத கதவைத் திறந்தால் போச்சு.

வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று எல்லோருக்கும் தெரிந்த வேடங்கள் போக, இசக்கி புதிது புதிதாக வேடங்களை உண்டாக்குவாள். சுரங்கங்களையும் பாழுங்கோட்டைகளையும் வரைந்து சாகசங்கள் எழுதுவாள். எழுதியதையெல்லாம் இணையத்தில் தன் பக்கத்தில் சும்மா போட்டுவிடுவாள். யார் எடுத்தார்கள், எந்த வீட்டில் உட்கார்ந்து ஆடினார்கள் என்று அவள் விசாரித்ததே இல்லை.

அவளிடம் சேவியர் மச்சாது மாணவராக வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயதாவது மூத்தவர்.

மகளுக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்கத்தான் அவர் பிரஸ்ஸுக்குப் போனார். போட்டோவைத் திரையில் திறந்த இசக்கி, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இது தெல்பி இல்லியா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமைதோறும் எங்க வீட்டுக்கு ஆட வருவா. என்ன ஆச்சு?"

"காய்ச்சல்" என்றார் சேவியர். அந்தப் போஸ்டரை இசக்கியே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. சொந்தக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சேவியர் ஐஸ் கம்பெனி மாடியேறினார்.

"தெல்பி எங்க உக்காருவா?"

இசக்கி ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள். அவர் அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு பகடையை அவர் பக்கம் தள்ளினாள்.

மழைக்காலம் முழுக்க வந்தார். ஆடக் கற்றுக்கொண்டார். பிறகு கதை சொல்லவும், வேடம் எழுதவும் கேட்டுக் கேட்டுப் படித்தார். ஒருநாள் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து நீட்டினார்.

"டீச்சர், நானா ஒரு வேடம் எழுதியிருக்கேன். உங்க பக்கத்துல போடுவீங்களா?"

விளக்குக்காரி என்று தலைப்பு. இருட்டில் எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். மற்றவர்கள் கண்ணுக்குப் படாதது அவள் வெளிச்சத்தில் தெரியும். அந்த வெளிச்சம் பட்டால் சின்னக் காயங்கள் ஆறும். நன்றாக எழுதியிருந்தார். இசக்கி கடைசி வரிக்கு வந்தபோது நின்றாள். 'விளக்குக்காரி சாகமாட்டாள்.'

"இது ஏன் அண்ணாச்சி?"

சேவியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ஐஸ் உடைக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"ஒருத்தியாவது சாகாம இருக்கட்டுமே டீச்சர். நீங்க போட்டா யார் யாரோ எடுத்துக்கிடுவாங்க. எங்கயாவது ஒரு வீட்டுல அவ நடந்துக்கிட்டே இருப்பா. இது தப்பா?"

இசக்கி தாளை மேசைமேல் வைத்தாள்.

"முதல்ல ஆடிப் பாப்போம்" என்றாள்.

அந்த ஞாயிறு ஹமீதும் பிரிஸில்லாவும் வந்தார்கள். ஹமீது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பிரிஸில்லா நர்ஸ். இருவரும் தெல்பியோடு ஆடியவர்கள். ஹமீதுக்கு வாள்வீரன், பிரிஸில்லாவுக்குத் திருடி. விளக்குக்காரி சேவியர் கையில்.

வற்றிய ஏரிக்கடியில் ஒரு ராஜாவின் கல்லறை. படிகள் இறங்குகின்றன என்று இசக்கி கதையைத் தொடங்கினாள்.

"விளக்குக்காரி முன்னால போகட்டும் அங்கிள்" என்றான் ஹமீது.

சேவியருக்குச் சந்தோஷம். அவள் வேலையே அதுதானே. நடத்திக்கொண்டு போனார். தரை பிளந்து, கீழே ஈட்டிகள் நட்ட குழியில் அவள் விழுந்தாள்.

"எந்திரிச்சு வந்துருவால்ல?" பிரிஸில்லா தாளைப் பார்த்தாள். "ஆமா, சாகமாட்டான்னு இருக்கு."

விளக்குக்காரி ஏறி வந்தாள். அடுத்த அறையில் ஒரு மண்ஜாடி. உள்ளே என்னமோ ஊர்கிற சத்தம்.

"அவளை ஜாடிக்குள்ள கைய விடச் சொல்லுங்க அங்கிள். அவளுக்குத்தான் ஒண்ணும் ஆகாதே" என்றான் ஹமீது.

சேவியர் கையை விடவைத்தார். பாம்பு கொத்தியது. அதற்கப்புறம் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்தார்கள். ஊற்றுத் தண்ணீரை முதலில் அவள் குடித்துப் பார்த்தாள். நெருப்புக் கக்கும் சிலைக்கு முன்னால் அவளை நிறுத்திவிட்டு மற்ற இருவரும் பின்னால் ஒதுங்கிப் போனார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. குச்சியால் தட்டிப் பார்த்து நடப்பதுபோல அவளைத் தட்டித் தட்டி நடந்தார்கள்.

பொக்கிஷ அறையின் கல்கதவு மேலிருந்து இறங்கத் தொடங்கியது. விளக்குக்காரி தோள்கொடுத்துத் தாங்கினாள். மற்ற இருவரும் பொன்னை வாரிக்கொண்டு அவளுக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார்கள். கதவு அவள்மேல் உட்கார்ந்தது. கல்லறையின் காவல் பூதம் நடந்துவரும் சத்தம் கேட்டது என்றாள் இசக்கி.

"அவ?" என்றார் சேவியர்.

ஹமீது யோசித்தான். "அந்தக் கதவைத் தூக்கணும்னா நேரம் ஆகும் அங்கிள். பின்னால காவல் பூதம் வருது. எங்களுக்குச் சாவு இருக்கே. அவ எங்க போயிரப் போறா? அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்."

பிரிஸில்லா பந்தம் கொளுத்தினாள். இருவரும் படியேறிப் போனார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் அந்தப் பொன்னோடு சந்தைக்குப் போனார்கள். புது வாளும் குதிரையும் வாங்கினார்கள். அங்கே ஒரு கிழவர் காட்டுக்குள் பாழுங்கோயில் இருப்பதாகச் சொன்னார். அங்கே போகத் திட்டம் போட்டார்கள். சேவியர் சாயங்காலம் வரை கைகட்டி உட்கார்ந்திருந்தார். விளக்குக்காரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் கிளம்பிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், அவ இப்போ எங்க இருக்கா?"

"கதவுக்கடியில."

"வலிக்குமா?"

"வலிக்காதுன்னு நீங்க எழுதலியே அண்ணாச்சி."

"எவ்வளவு நாளைக்கு அப்படிக் கிடப்பா?"

இசக்கி தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கடைசி வரியை அவர் படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தாளை எடுப்பார். பேனாவைத் திறப்பார். மூடி வைப்பார். மகள் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, காற்றில் அது அணைகிற வரை நின்றார். வீட்டுக்கு வந்து மறுபடியும் தாளை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே மாடிக்கு வந்தார். நின்றபடியே அந்த வரியை அடித்தார். ஒரே கோடு.

இசக்கி பகடையைக் கொடுத்தாள். விழுகிற எண்தான் அவள் உயிர்ப்புள்ளி. அவ்வளவு அடிதான் அவள் தாங்குவாள். உருட்டினார். இரண்டு.

"இன்னொரு தடவை உருட்டட்டுமா டீச்சர்?"

"எல்லாருக்கும் ஒரு தடவைதான்."

ஹமீதும் பிரிஸில்லாவும் வந்து உட்கார்ந்தார்கள். பாழுங்கோயிலுக்குப் போகிற வழியை ஹமீது காகிதத்தில் வரைய ஆரம்பித்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் இசக்கி. "விளக்குக்காரி வேடத்தை அண்ணாச்சி மாத்திட்டாரு. கதவுக்கடியில கிடக்கிறவளுக்கு இப்போ ரெண்டு புள்ளிதான்."

ஹமீதின் பென்சில் நின்றது.

"அப்போ செத்துருவாளா?"

"சாகலாம்."

அவன் பிரிஸில்லாவைப் பார்த்தான். காகிதத்தைக் கசக்கிக் கீழே போட்டான்.

"குதிரையைத் திருப்புவோம்."

வாங்கிய குதிரையை ஏரிக்கரையில் விட்டுவிட்டு இறங்கினார்கள். இந்தத் தடவை முன்னால் தட்டிப் பார்க்க யாரும் இல்லை. ஈட்டிக் குழியை வாள்வீரன் தாண்டினான். காவல் பூதம் அவன் இடது கையை முறித்தது. "திரும்பிப் போறீங்களா?" என்று இசக்கி கேட்டாள். "இல்ல" என்றான் ஹமீது. ஒற்றைக் கையோடு அவனும் திருடியும் கடப்பாரை போட்டுக் கல்கதவை நெம்பினார்கள். கதவு ஏறியது. கீழே விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது என்றாள் இசக்கி.

"மூச்சு இருக்கா?" பிரிஸில்லா கேட்டாள்.

"பகடையைக் கேளு. மூணோ அதுக்கு மேலயோ விழுந்தா இருக்கு."

பிரிஸில்லா பகடையை எடுத்தாள். உருட்டவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ பேரைப் பார்க்கிறவள், கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உருட்டும்மா" என்றார் சேவியர்.

ஒன்று விழுந்தது.

ஹமீது, "அவளை நான் தூக்கிக்கிடுதேன்" என்றான். ஒற்றைக் கையால் தோளில் போட்டுக்கொண்டான். திருடி விளக்கை எடுத்துக்கொண்டாள். வழியில் எந்தக் கதவையும் திறக்காமல், எதையும் எடுக்காமல், படியேறி வந்து ஏரிக்கரையில் அவளை அடக்கம் செய்தார்கள். ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிச் செய்தார்கள். பிரிஸில்லா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அவர்கள் போன பிறகு சேவியர் பகடைகளை டப்பாவில் போட்டு மூடினார்.

"அவ பிழைக்கலியே டீச்சர்."

"இல்ல அண்ணாச்சி."

இசக்கி கம்ப்யூட்டரைத் திறந்து, விளக்குக்காரியை ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தாள். அவர் கோடு போட்டு அடித்த வரியை மட்டும் விட்டுவிட்டாள். அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடவா?"

"போட்டா, முகம் தெரியாதவங்கல்லாம் எடுப்பாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் அவ செத்துக்கிட்டே இருப்பாளே."

"சாவா" என்றாள் இசக்கி. "சில வீட்டுல அவளுக்காகத் திரும்பிப் போவாங்க அண்ணாச்சி."