கஸ்பார் முதலாளியின் பெயரில் ஓர் அணி

ஐஸ் கம்பெனி முதலாளி கஸ்பாரின் நிலத்தில்தான் அந்தக் கடற்கரை ஊரின் ‘விடிவெள்ளி’ கால்பந்து அணி ஆடிவந்தது. விடிவெள்ளி, கடலுக்குப் போனவர்கள் பார்த்துக் கரைசேரும் நட்சத்திரம். ஊரார் மாதாவையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

“ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குள்ள அணிக்கு என் பேரை வைக்கணும். சட்டையில என் படம் இருக்கணும். இல்லேன்னா வேற மைதானம் பாருங்க” என்றார் கஸ்பார்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் தனிஸ்லாஸ் தலையாட்டினான்.

“வச்சிருவோம் மொதலாளி. பக்கத்து ஊர்க்காரனுக்கும் ஒரு நல்ல படம் குடுத்திருங்க.”

“அவனுக்கு எதுக்குலே?”

“நாம தோத்தா நம்ம அணி பேருல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல ஒட்டுவானே! போன வருஷம் ஏழு தடவை ஒட்டினான்.”

“அப்ப ஜெயிச்சுத் தொலைங்கலே!”

“ஞாயித்துக்கிழமை கோல்கீப்பர் தங்கச்சிக்குக் கல்யாணம், மொதலாளி.”

கஸ்பார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாதா பேரை மாத்துறது பாவம்லா? அதே பேருல இங்கேயே ஆடுங்க.”

ஞாயிறன்று அணி நாலு கோல் வாங்கியது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ‘விடிவெள்ளி காலமானது’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தவர் கஸ்பார்தான்.