பின்கதவைத் தட்டும் காற்று

"சாமி, என் வண்டி டீசலாக் குடிக்குது."

"வேற என்ன குடிக்கணும்?" என்று கேட்டார் உலகம்மை.

தாணுமாலயன் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்குக் கீழே ஒரு ஓட்டு வீடு. சிக்கல் என்று வருகிறவர்களுக்கு வழி சொல்லும் உலகம்மை அங்கேதான் இருக்கிறார். தாணுமாலயனுக்கு மகள் வயது. ஆனாலும் தாணுமாலயன் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். சாமி அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். இருவருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

வாசலில் நின்ற வண்டி ஒரு பிக்கப். அதன் முதுகில் ஒரு பெட்டிவீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பஸ் டிப்போவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற தாணுமாலயன் தன் கையாலேயே கட்டியது.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தங்கமான மனிதர். ஆனால் வேலைக்காலம் முழுக்க டிரைவர்களிடம் "மைலேஜ் என்ன, மைலேஜ் என்ன" என்று கேட்டே பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை. தன்னையே கேட்டுக்கொண்டார்.

"எங்க கிளம்புனீங்க?" என்றார் உலகம்மை.

"காஷ்மீருக்கு, சாமி. பனியைப் பார்க்க."

"பனின்னா உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

"எனக்கு இல்ல. பகவதிக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கா, ஒரு தடவையாவது பனியைக் கையால தொட்டுப் பார்த்துரணும்னு. அதுக்காகத்தான் வண்டியே கட்டினேன்."

"பகவதி எங்க?"

தாணுமாலயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூதப்பாண்டில. அவ தங்கச்சி வீட்டுல."

"பனி பார்க்க ஆசைப்பட்டது யாரு?"

"பகவதி."

"பார்க்கப் போறது யாரு?"

"நான்."

மேலே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"எடை, சாமி," என்றார் தாணுமாலயன் அவசரமாக. "எடையைக் குறைச்சா டீசல் குறையும். ஏணியைக் கழற்றினேன். நாற்காலியை இறக்கினேன். அப்பவும் குடிச்சுது. பகவதி அம்மி கொண்டு வந்திருந்தா. மிக்ஸியில அரைச்சா அவளுக்கு இறங்காது. அதைப் பூதப்பாண்டில இறக்கி வச்சேன். திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அப்ப என்னையும் இறக்கிருங்க'ன்னா. இறங்கிட்டா."

"நீங்க?"

"எனக்கும் கோவம் வந்துட்டு. 'நான் போறேன்'னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"போறேன்னு."

உலகம்மை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இப்ப மைலேஜ் கூடியிருக்கா?"

"அதைத்தான் சாமி சொல்ல வந்தேன்! அம்மியும் இல்ல, அவளும் இல்ல. அப்பவும் லிட்டருக்கு எட்டுதான் குடுக்குது. இது நியாயமா?"

உலகம்மை விழுந்து விழுந்து சிரித்தார். சாமிகள் அப்படிச் சிரிக்கலாமா என்று தாணுமாலயனுக்குச் சந்தேகமாக இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால், டிரைவர் தலைக்கு மேலே, தாணுமாலயன் பிளைவுட்டில் படகு மூக்கு மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காம். அது பளபளவென்று இருந்தது.

உலகம்மை அதைப் பார்க்கவேயில்லை. நேராகப் பின்பக்கம் போனார். பின்கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை முழுக்கச் செம்மண். அதில் ஒரு விரலால் தொட்டுத் தாணுமாலயனின் நெற்றியில் திருநீறு மாதிரி இழுத்துவிட்டார்.

"முன்னால தூசி இருக்கா அண்ணாச்சி?"

"இல்லையே."

"பின்னால எப்படி வந்துச்சு?"

தாணுமாலயன் யோசித்தார். வண்டி முன்னால் போகிறது. தூசி பின்னால் நின்றுவிட வேண்டியதுதானே. துரத்தி வந்து கதவில் ஏன் ஒட்டுகிறது? டிப்போவில் எத்தனையோ பஸ்களின் முதுகை அவர் கழுவச் சொல்லியிருக்கிறார். இதை ஒருநாளும் கேட்டதில்லை.

"சாப்பிட வாங்க," என்றார் உலகம்மை.

தட்டில் சோறும் சாளை மீன் குழம்பும் இருந்தன.

"நான் சைவம், சாமி."

"உங்களைத் திங்கச் சொல்லல. பார்க்கச் சொன்னேன்."

பார்த்தார்.

"தலை எப்படி இருக்கு?"

"மொத்தையா இருக்கு."

"வாலு?"

"ஒல்லியா இருக்கு."

"இது கடல் முழுக்கச் சுத்துது. டீசல் போடுறதில்ல."

சொல்லிவிட்டு மீனைச் சாப்பிட ஆரம்பித்தார். தாணுமாலயனுக்கு மோர் வந்தது.

சாப்பாடு முடிந்ததும், "ஏதாவது துணி இருக்கா?" என்று கேட்டார் உலகம்மை.

"எல்லாத்தையும் இறக்கிட்டேன், சாமி. எடை."

உலகம்மை பெட்டிவீட்டுக்குள் ஏறினார். இறங்கும்போது கையில் ஒரு மூட்டை இருந்தது. அத்தனையும் வேட்டி.

"இதுக்கு எடை இல்லையா?"

"அது வந்து... கட்டிக்கிறதாச்சே சாமி."

"சரிதான்," என்று சொல்லி, இருப்பதிலேயே நல்ல கரைவேட்டியை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். தாணுமாலயனின் நெஞ்சும் கொஞ்சம் கிழிந்தது.

கோயில் மரத்தில் வேண்டுதலுக்குத் துணி கட்டுவார்களே, அந்த மாதிரி அந்த நாடாக்களை வண்டி முழுக்க ஒட்டினார்கள். மூக்கில் சில, பக்கங்களில் சில, பின்கதவில் சில. பிறகு வண்டியைக் கணவாய்க் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தினார்கள். ஆனி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்று யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

மூக்கில் இருந்தவை படிந்து கிடந்தன. பக்கத்தில் இருந்தவை நீட்டிப் படுத்துக்கொண்டன.

பின்கதவில் இருந்தவைதான் பாடாய்ப் பட்டன. சுருண்டன, எழும்பின, போன காற்றின் பின்னால் போகாமல் திரும்பி வந்து கதவையே அடித்தன. பட் பட் பட் என்று சத்தம்.

"அண்ணாச்சி," என்றார் உலகம்மை, "யாரோ கதவைத் தட்டுறாங்க."

தாணுமாலயன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டார். "முன்னால இல்ல சாமி! முன்னால நான் கிழிச்சுட்டேன். கிழிச்ச காத்து பின்னால சேர முடியாமச் சுத்துது. அதுதான் புடிச்சு இழுக்குது!"

"அப்படியா?" என்றார் உலகம்மை, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

அதற்குப் பிறகு தாணுமாலயனைப் பிடிக்க முடியவில்லை. மூங்கில் கொண்டு வந்தார். தார்ப்பாய் கொண்டு வந்தார். பின்கதவிலிருந்து பின்னால் நீண்டு, மீன் மாதிரி ஒடுங்கும்படி ஒரு வாலைக் கட்டினார். கதவோடு சேர்ந்து அதுவும் திறக்கும். கட்டி முடித்தபோது கைவிரல் எல்லாம் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு. சின்ன வயதில் முதல் பட்டம் கட்டிய அன்றைக்குக்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

டாங்கை வழிய நிரப்பினார். பணகுடி தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். மறுபடி நிரப்பினார். டிப்போக்காரர் அல்லவா, இரண்டு தடவை சரிபார்த்தார்.

"ஒம்பது, சாமி! லிட்டருக்கு ஒம்பது தாண்டிட்டு!"

வாசலில் நின்று ஆடினார். மிச்சமிருந்த வேட்டியும் காற்றில் ஆடியது. உலகம்மையும் கைதட்டினார். பார்க்கவே நன்றாக இருந்தது.

பிறகு உலகம்மை வண்டியின் பின்னால் போனார். வாலின் நுனியில் ஒட்டியிருந்த நாடாக்கள் அமைதியாக நீண்டு, லேசாக அசைந்துகொண்டிருந்தன.

"இப்ப யாரும் தட்டல," என்றார்.

"இல்ல சாமி."

"காத்துகிட்ட நல்லாச் சொல்லிட்டுக் கிளம்பக் கத்துக்கிட்டீங்க."

"சொல்லிட்டா?"

"ஆமா. முன்னால கிழிச்சுட்டு அப்படியே போயிருவீங்க. இப்ப அதைப் பைய சேர்த்து வச்சுட்டுப் போறீங்க." உலகம்மை அவர் பக்கம் திரும்பினார். "நம்ம பக்கத்துல ஒரு வீட்டுல இருந்து கிளம்பும்போது என்ன சொல்லுவோம், அண்ணாச்சி?"

"போயிட்டு..."

சொல்லும்போதே தாணுமாலயன் பூதப்பாண்டிப் பக்கம் திரும்பினார்.

உலகம்மை வீட்டுக்குள் போய்விட்டார்.

தாணுமாலயன் வண்டியில் ஏறினார். வடக்கே காஷ்மீர். அவர் வந்த வழியே திருப்பினார்.

பூதப்பாண்டியில், தங்கை வீட்டு வாசலில் அம்மி அப்படியே கிடந்தது. பக்கத்தில் ஒரு முறத்தில் மிளகாய் காய்ந்தது. பகவதி வெளியே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். வேட்டிக் கிழிசல்களைப் பார்த்தாள். அவர் நெற்றியில் காய்ந்துகிடந்த செம்மண்ணைப் பார்த்தாள்.

"அது என்ன, வண்டிக்கு வாலு?"

"மைலேஜுக்கு."

"மைலேஜ் வந்துட்டா?"

"வந்துட்டு. ஒம்பது."

"பின்ன என்ன, காஷ்மீருக்குப் போக வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தீங்க?"

தாணுமாலயன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஓய்வு பெற்ற அன்றைக்கு மேடையில் பேசச் சொன்னபோதுகூட அவருக்கு இப்படி நாக்கு ஒட்டவில்லை.

"அன்னைக்குப் பாதிதான் சொல்லிட்டுப் போனேன், பகவதி. மீதியைச் சொல்ல வந்தேன்."

"என்ன மீதி?"

"வரேன்."

பகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. முறத்தில் இருந்த மிளகாயை முந்தானையில் அள்ளிக் கட்டினாள்.

"சரி, அம்மியைத் தூக்குங்க," என்றாள். "குழவியை நான் எடுத்துக்கிட்டு வரேன்."