ஐந்தாவது சதுரம்

“பத்தாவதுல ஆறு பேரு, டீச்சர். ஆறு பேரும் மார்ச்சுப் பரீட்சையில கணக்குல பெயிலாப் போயிருவாங்க.”

சுடலைமணி சார் தோள் பையைக்கூட இறக்கவில்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருசமாகக் கணக்கு வாத்தியார். ஆறாம் வகுப்பில் கையில் வாங்குகிற பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரைக்கும் அவரே கொண்டுபோய் விடுவார். அப்பேர்ப்பட்டவர் இரண்டு பஸ் மாறி, இந்தக் கரிசல்காட்டு ஆரம்பப் பள்ளிக்கு வந்திருந்தார், தன் மகள் வயசுள்ள பிரகாசி டீச்சரைப் பார்க்க.

“உக்காருங்க சார். தண்ணி குடிங்க.”

“பெயிலாப் போனாத் தீப்பெட்டி ஆபீஸு வேலைதான், வேற என்ன? பக்கத்துல இருக்கவன் நூத்துக்கு நூறு வாங்குதான். இந்தா இப்படிப் போடுலன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கான். குழுவாப் பிரிச்சும் பாத்துட்டேன். ஒருத்தன் எழுதுதான், நாலு பேரு விட்டத்தப் பாக்காங்க.”

“ம்.”

“உங்ககிட்ட படிச்சிட்டு வந்ததுக மட்டும் மரத்தடியில கூடிக் கூடிக் கணக்குப் போடுதுக. என்னதான் செய்யுதீங்க?”

“விளையாடுவோம் சார். வாங்க.”

“நானா?”

“அஞ்சு பேரு வேணும். ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. நாலுதான் இருக்கு.”

நாலும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. சார் உட்கார்ந்தபோது முட்டி சத்தம் போட்டது.

“சாருக்கு எண்ணெய் விடணும்” என்றான் அந்தோணி.

டீச்சர் ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார். உள்ளே பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய துண்டுகள். சிலதில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“அஞ்சு பேருக்கு முன்னாலயும் ஒரே அளவுல அஞ்சு சதுரம் வரணும். பேசக் கூடாது. கேக்கக் கூடாது. அடுத்தவங்க துண்டை எடுக்கக் கூடாது. நம்ம துண்டைக் குடுக்கலாம்.”

“இதுல கணக்கு எங்க இருக்கு?”

“சார், பேசக் கூடாது” என்றாள் மாரிச்செல்வி. எட்டு வயசு.

சார் வாயை மூடிக்கொண்டார்.

அரை நிமிசம். அவருடைய சதுரம் சேர்ந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

மற்ற நாலும் துண்டுகளைத் திருப்பின. ஒன்றுக்கொன்று தள்ளிவிட்டன. திரும்ப வாங்கின. ஐந்து நிமிசம் ஆயிற்று. பத்து நிமிசம் ஆயிற்று. ஒன்றும் சேரவில்லை.

பாவம், சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார்.

மாரிச்செல்வி தன் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு அவருடைய சதுரத்தைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

சாரின் இடது கை தானாக மடங்கிச் சதுரத்தின் மேல் விழுந்தது. பரீட்சையில் விடைத்தாளை மறைக்கிற மாதிரி.

அவள் கண்ணை எடுக்கவில்லை. இப்போது நாலு பிள்ளைகளும் அவர் கையையே பார்த்தன.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பியடிக்கப் பாக்குது, என்று நினைத்தார் சார்.

எதைக் காப்பியடிக்க? அவள் துண்டு வேறு, அவர் துண்டு வேறு.

அவள் முன்னால் எட்டிப் பார்த்தார். ஓரத்தில் சாய்வாக ஓர் இடைவெளி. தன் கையைக் கொஞ்சம் தூக்கி அடியில் பார்த்தார். அதே சாய்வில் ஒரு துண்டு, அவர் சதுரத்தின் மூலையில்.

கொடுத்தால் சதுரம் போய்விடும். முதலில் முடித்தவர் முடிக்காதவர் ஆகிவிடுவார்.

தூக்கிய கையை மறுபடியும் சதுரத்தின் மேல் வைத்தார்.

பிறகு அந்தத் துண்டைப் பெயர்த்து அவள் பக்கம் தள்ளினார்.

அவளுக்குச் சேர்ந்தது. மிஞ்சிய ஒன்றை அவள் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளினாள். அங்கிருந்து இரண்டு நகர்ந்து எதிர்ப் பக்கம் போயின. இரண்டு சதுரம். மூன்று. நாலு.

சார் முன்னால்தான் ஓட்டை.

அந்தோணி தன்னிடம் மிஞ்சியிருந்த நீளத் துண்டை அவரிடம் தள்ளினான். சார் திருப்பி வைத்தார். பொருந்தவில்லை. இன்னொரு விதமாக வைத்தார். பொருந்தவில்லை. வைத்துக் கொடுக்க அந்தோணியின் கை பாதி தூரம் வந்துவிட்டது. சட்டம் ஞாபகம் வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது தடவை பொருந்தியது.

“யப்பா” என்று மூச்சை விட்டான். சத்துணவு மணி அடித்தது. முட்டை போடுகிற நாள். நாலும் ஓடிவிட்டன.

சார் எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், இதை என் வகுப்புல ஆடவிட்டா, அந்த ஆறு பேரும் தேறிருவாங்களா?”

“அவங்க பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாப்பாங்களா சார்?”

“தலையைத் திருப்ப மாட்டாங்க. நான் விட்டதில்ல.” பழக்கத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

கீழே கிடந்த ஐந்து சதுரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறாம் வகுப்புக்கு வரும்போது பாத்தாங்க. காட்டவும் செஞ்சாங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அப்பவும் நாந்தான் அவங்களுக்கு வாத்தியார்.”

“இப்பவும் நீங்கதான சார்” என்றார் டீச்சர்.