தொட்டில் மறுத்த பாட்டு

நெல்லறையூர் விருஷபதாச நயினாரின் மூத்த குமாரனும், எவரிடமும் பாடம் கேளாது தானே எழுத்தறிந்தவனும், அகவை எழுபத்தெட்டு நிறைந்து எழுபத்தொன்பதில் அடிவைத்திருப்பவனுமாகிய தரணேந்திரன் என்னும் யான், என் அன்னையார் எனக்கு உரைத்த வண்ணமே இக்கதையை உங்களுக்கு உரைக்கலுற்றேன். குழந்தைகளே, கொட்டாவி விடுவோர் இப்போதே விட்டுவிடுங்கள். நடுவில் விட்டால் கதை கோபித்துக்கொள்ளும்.

முன்னொரு காலத்திலே, அருகக் கடவுளை வணங்கும் சமணர் அறுபது வீட்டார் ஓர் ஊரில் வாழ்ந்திருந்தனர். ஊர் நடுவே கோயில். கோயிலுக்கு எதிரே கிணறு. அவ்வூரார் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே பருகுவர். வடிகட்டிய துணியை உதறிப்போடவும் மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் அதில் ஒட்டியிருக்குமன்றோ? ஆகையால் வடித்த நீர் விட்டு அத்துணியை அலசி, அலசிய நீரை அதே கிணற்றில் மெல்ல இறக்கிவிடுவர். இவ்வொழுக்கம் யாவும் நூறு பாட்டுகளாகக் கோயில் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. ஏட்டுப் பெட்டியின் சாவி, கோயில் காரியக்காரர் சிம்மச்சந்திரர் இடுப்பில் இருந்தது. பெண்களுக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் அந்நூறு பாட்டையும் பாடித் தொட்டில் ஆட்டிவந்தனர், அவ்வளவே.

அப்படியிருக்கையில் மழை பொய்த்தது. ஏரி வற்றியது, குளம் வற்றியது, மற்றக் கிணறெல்லாம் வற்றியது. கோயில் கிணறு ஒன்றே வற்றவில்லை. அதைத் தம் வசமாக்கிக்கொள்ளச் சிம்மச்சந்திரர் மனத்திலே ஆசை புகுந்தது. புதிய ஓலை ஒன்றை நறுக்கினார், அதில் ஏதோ எழுதினார், மஞ்சள் தடவி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டார். ஓலை பழுத்து நூறு வயது ஆனாற்போல் ஆயிற்று. அதன் பின் அறுபத்துமூன்றாம் பாட்டு எழுதிய ஏட்டை உருவி எரித்துவிட்டு, அந்த இடத்தில் இதைக் கோத்துவைத்தார்.

மறுநாள், நாற்பது நாள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த மருதேவி என்னும் பெண், அடுத்த ஊர் இடையனுக்கும் அவனுடைய மூன்று பசுக்களுக்கும் அக்கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றினாள்.

"யாரைக் கேட்டு மொண்டே, மருதேவி?" என்று சிம்மச்சந்திரர் அதட்டினார்.

"தாகத்தைக் கேட்டு மொண்டேன், மாமா."

"வாய்! அறுபத்துமூணாம் பாட்டு என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன மாமா? அதைப் பாடினாத்தானே இவன் தூங்குறான்."

அவர் ஊராரைக் கூட்டி, பெட்டியைத் திறந்து, ஏட்டை உரக்க வாசித்தார்: 'கோயிற் காரியக்காரரின் அனுமதி பெறாது மேற்படி கிணற்றில் நீர் மொள்ளுவோர் சமயத்துக்குப் புறம்பாவர்.'

ஆடவர் ஏட்டைப் பார்த்தனர், ஒருவரையொருவர் பார்த்தனர், தரையைப் பார்த்தனர். "ஏட்டிலேயே இருக்குதே, என்ன பண்ணுறது?" என்றனர்.

"அப்படியானால் உன் பிள்ளைக்குக் கோயில் கிடையாது. நாற்பத்தைந்தாம் நாள் காதில் மந்திரமும் கிடையாது," என்று சிம்மச்சந்திரர் தீர்ப்புச் சொன்னார். காதிலே ஐந்து வணக்கமாகிய அம்மந்திரம் ஓதப்படாத பிள்ளை அவ்வூரில் அருகன் பிள்ளை ஆகாது. மருதேவி அழவில்லை. வீடு வீடாகச் சென்று, "அத்தை, நம்ம பாட்டைப் பொய்யின்னுட்டாங்க," என்று மட்டும் சொன்னாள். அறுபது வீட்டுத் தாய்மாரும் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தனர்.

அவ்வமயம் அந்நாட்டு அரசன் வறட்சியைப் பார்வையிட வந்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருந்தான். தாய்மார் முறையிடவே, பிள்ளைக்கு நாற்பத்தைந்தாம் நாள் காலையில் இரு திறத்தாரையும் அழைத்தான்.

"மகாராஜா, எழுத்தறியாத பொம்பளைங்க அடுப்படியில பாடுறதை எல்லாம் வேதமுன்னு எடுத்துக்க முடியுமா?" என்றார் சிம்மச்சந்திரர்.

"எங்கே, பாடுங்கள் கேட்போம்," என்றான் அரசன். மந்திரி ஏட்டைப் பிரித்துவைத்துக்கொண்டார்.

அறுபது தாய்மாரும் ஒரே குரலாகத் தொடங்கினர். குழந்தைகளே, இவ்விடத்தை என் அன்னையார் பாடியே காட்டுவார். முதற் பாட்டுப் பாடினர். ஏட்டில் அப்படியே இருந்தது. பத்தாம் பாட்டு, அப்படியே இருந்தது. ஐம்பதாம் பாட்டு, ஓர் எழுத்தும் பிசகவில்லை. எழுதப் படிக்க அறியாத வாய்களிலிருந்து ஒரு நூல் முழுவதும் ஆறுபோல் வந்துகொண்டிருந்தது. அறுபத்துமூன்றில் மட்டும் ஏடும் வாயும் பிரிந்தன. அதன் பின் நூறு வரையில் மறுபடியும் ஒன்றே.

"தொண்ணூற்றொன்பது ஒத்தன. இந்த ஒன்றில் யாரை நம்புவேன்?" என்றான் அரசன்.

"தொட்டிலை நம்புங்க, மகாராஜா," என்றாள் மருதேவி. "பொய்ப் பாட்டுக்கு அது ஆடாது."

மூன்று தொட்டில் கட்டப்பட்டன. முதல் தொட்டிலில் மருதேவி தன் மகனை இட்டு, ஏட்டில் உள்ளதைப் பாடி ஆட்டினாள். 'மேற்படி' என்ற இடத்தில் தாளம் முறிந்து தொட்டில் தடுமாறி அவள் முழங்காலில் இடித்தது; பிள்ளை வீறிட்டது.

"பால் பத்தலை, அதான் அழுவுது!" என்றார் சிம்மச்சந்திரர்.

இரண்டாம் தொட்டிலில் வயிறு நிறையப் பாலுண்ட பிள்ளை. அதே 'மேற்படி', அதே இடி, அதே அழுகை.

"அது பிறவி அழுமூஞ்சி!"

மூன்றாம் தொட்டிலுக்கு அவர் மருமகள் சுநந்தை எழுந்து வந்தாள். "மாமா, இது உங்க பேரன். இவன் அழவே மாட்டான்னு ஊரெல்லாம் நீங்கதானே பெருமை அடிக்கிறீங்க?" என்று கூறி, அதே பாட்டைப் பாடி ஆட்டினாள். பேரன் அழுத அழுகையில் கூடாரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

உடனே தாய்மார் அறுபதின்மரும் தங்கள் அறுபத்துமூன்றாம் பாட்டைத் தணிந்த குரலில் எடுத்தனர்:

வடித்த நீரே குடிநீர் கண்ணே,
வடித்த துணியும் கிணற்றுக்கே கண்ணே,
தவித்த உயிர்க்கே தண்ணீர் கண்ணே,
தடுத்த கையே பாவம் கண்ணே.

மூன்று தொட்டிலும் ஒன்றுபோல் போயின, ஒன்றுபோல் வந்தன. மூன்று பிள்ளைகளும் உறங்கினர். வேல்பிடித்த காவலர் தலை சாய்ந்தது. வெளியே கட்டியிருந்த பட்டத்து யானை காதசைப்பதை நிறுத்தி நின்றது. அரசன் எழுந்து, காலிலிருந்த மிதியடியைக் கழற்றிவிட்டு நின்றான்.

சிம்மச்சந்திரர் சாவியைக் கீழே வைத்து, புகையிட்ட ஓலையின் உண்மையைத் தாமே சொன்னார்.

"இவருக்கு என்ன தண்டனை தாயே?" என்றான் அரசன்.

"மழை வர்ற வரைக்கும் தவிச்சு வர்ற மாட்டுக்கெல்லாம் மாமாவே தண்ணி இறைக்கட்டும். பொழுது சாய்ஞ்சு வீட்டுக்குப் போனா, பேரன் தூங்குற வரைக்கும் சரியான பாட்டைப் பாடித் தொட்டில் ஆட்டட்டும்," என்றாள் மருதேவி.

"அதுக்கு யானைக் காலுல மிதிபடுறதே தேவலையே!" என்றாராம் அவர்.

அதன் பின் அனைவரும் கோயிலுக்குத் திரும்பினர். மந்திரம் ஓத வேண்டிய பூசகர் பிள்ளையைக் கையில் வாங்கினார், திரும்ப மருதேவியிடமே கொடுத்தார். "நீயே ஓதும்மா. நான் ஏட்டைப் பார்த்துச் சொல்றவன்," என்றார்.

அவள் குனிந்து மகன் காதில் ஐந்து வணக்கமும் ஓதினாள். அன்று முதல் அவ்வூரில் பிள்ளையின் காதில் மந்திரம் ஓதுபவள் பெற்ற தாயே.

ஓதினவள் வாயும் கேட்டவன் காதும் குளிர்ந்தாற்போல நம் வாயும் காதும் குளிர்க. இவ்வழக்குத் தீர்ந்த நாள்: விகாரி ஆண்டு, வைகாசித் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை, பொழுது சாய நான்கு நாழிகை இருக்கையில்.