பினாயில் குடிச்ச வயிறு

ஒரு ஊர்ல, மண்ணுக்கு அடியில ஒரு வயிறு இருந்துச்சு. ஊர்ப் பேரு செவக்காட்டூர்.

வயித்துக் கதைக்கு முன்னாடி அந்த ஊர்ல நடந்த அநியாயத்தை வரிசையாச் சொல்லணும். கையை நீட்டு. ஒவ்வொரு விரலா மடக்கு. வரிசை மாறக் கூடாது. மாறிச்சுன்னா, செஞ்சவன் அந்த இடுக்குல பூந்து ஓடிருவான்.

முதல் அநியாயம். கீழத்தெருக்காரங்க நெல்லடிக்கிற களத்தை ஊராட்சி எடுத்துக்கிச்சு. சாண எரிவாயுத் தொட்டி கட்டப் போறோம், மூணு மாசத்துல வேற களம் தர்றோம்னாங்க. நாலு வருசம் ஆச்சு. கீழத்தெரு சனம் தார் ரோட்டுல நெல்லைக் காயப் போட்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் கும்பிடு போட்டுக்கிட்டுக் கிடந்துச்சு. மடக்கினியா?

ரெண்டாவது. தொட்டி இருக்கிறது கீழத்தெருவுல. குழாய் முதல்ல போனது மேலத்தெருவுக்கு. அங்க பன்னெண்டு வீடு வயிறு நிறைய எரிச்சு மிச்சம் வைக்கிறதுதான் கீழத்தெருவுக்கு வரும். அடுப்புல நெருப்பு பிச்சி மொட்டுக் கணக்கா நிக்கும். ஊதினாப் போச்சு.

மூணாவது. தொட்டியைப் பாத்துக்கிட்டவ வெள்ளத்தாய். அவளுக்கு உதவியாளர்னு ஆர்டர் குடுத்தாங்க. யாருக்கு உதவியாளர்? அவளுக்கு மேல ஒரு ஈ காக்கா கிடையாது. சாணி அள்ளுறது அவ, கரைக்கிறது அவ, கல்லும் வைக்கோலும் பொறுக்கி எடுக்கிறது அவ. ஆனா உதவியாளர்!

நாலாவது அநியாயந்தான் கதை. அந்த விரலை மடக்காத. நிமுந்தே இருக்கட்டும்.

ம்.

ம் கொட்டுறியா? அப்படித்தான் கேக்கணும். அந்த வயிறு, அதான் அந்தத் தொட்டி, எப்படி இருக்கும்னா, கிணறு மாதிரி ஒரு குழி. அதுக்கு மேல கவுத்துப் போட்ட பெரிய இரும்பு டிரம்மு, யானை முதுகு தண்டி. சாணியைத் தண்ணியில கரைச்சு ஒரு பக்கமா ஊத்தணும். சொத், சொத், சொத். உள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிப் பூச்சி உக்காந்து அதைத் தின்னும். தின்னுட்டு ஏப்பம் விடும். குபுக்... குபுக்... அந்த ஏப்பந்தான் வாயு. ஏப்பம் சேரச் சேர டிரம்மு மேல எழும்பும். அடுப்பு எரிய எரியக் கீழ இறங்கும். முப்பத்தெட்டு வீட்டு அடுப்பு அதுல எரிஞ்சுது. விறகு பொறுக்கப் போகவேண்டாம், புகையில கண்ணைக் கசக்கவேண்டாம். தின்னு முடிச்ச சாணிக் கரைசல் இந்தப் பக்கமா வெளிய வந்து வயலுக்கு உரமாப் போகும். எதுவும் வீணாகாது.

தினமும் காலையில வெள்ளத்தாய் டிரம்முல காதை வச்சுக் கேப்பா. குபுக்குன்னு கேட்டாத்தான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

அப்போ ஒருநாள், பசுமை ஊர் விருது குடுக்க ஒரு குழு வருதுன்னு சேதி வந்துச்சு. எதுக்கு விருது? சாணியில அடுப்பு எரியுதுல்ல, அதுக்கு. உடனே ஊராட்சித் தலைவர் தனக்கோடி என்ன செஞ்சாரு தெரியுமா? வர்றவங்களுக்குச் சாணி நாத்தம் ஆகாதுன்னு சொல்லி, எல்லா மாட்டுக் கொட்டகையையும் பினாயில் ஊத்திக் கழுவணும்னு உத்தரவு போட்டாரு. ஊராட்சிச் செயலர் இசக்கிராஜ் அதை நோட்டுல எழுதி, வீடு வீடா வந்து கையெழுத்து வாங்கினாரு.

மாடு வச்சிருக்கிற மாடத்தி மதினி வாய் சும்மா இருக்குமா? "ஏ இசக்கி, மாட்டுக்குப் பவுடரும் போடணுமாய்யா? பொட்டு எந்த நிறம்?"ன்னு கேட்டா.

"எனக்கு எதுக்கு மதினி வம்பு? கையெழுத்தைப் போடுங்க."

அப்புறம் மூணு நாள் கழுவினாங்க. சளக், சளக், சளக். ஊரே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணந்துச்சு. கழுவின சாணித் தண்ணி வாளி வாளியாத் தொட்டிக்கு வந்துச்சு.

வெள்ளத்தாய் வாளிக்குள்ள பாத்தா. தண்ணி பால் மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. பூச்சியைக் கொல்லத்தான் பினாயில்னு அவளுக்குத் தெரியாதா? இந்த வயித்துக்குள்ள இருக்கிறதும் பூச்சிதானேன்னு நெனைச்சா. வாளியைக் கீழ வச்சுட்டா.

தனக்கோடி பக்கத்துலயே நின்னாரு. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஊத்து. கொட்டகையில ஒரு சொட்டுச் சாணி தெரியக் கூடாது. நாளைக்கு மேடையில உன்னையும் கூப்பிடுவேன்."

கேள்வி கேக்கத் தெரியாதவ இல்ல வெள்ளத்தாய். களத்தை எடுக்க வந்த ஜீப்புக்கு முன்னாடி படுத்தவ அவ. ஆனா மேடைன்னு சொன்னதும் வாய் அடைச்சுப் போச்சு. ஒருதடவை, ஒரேயொரு தடவை, மைக்குல தன் பேரு கேக்கட்டுமேன்னு ஆசை. வாளியைத் தூக்கினா. சொத். ஊத்திட்டா. இன்னொண்ணு. சொத். இன்னொண்ணு.

தூங்கிட்டியா?

ம்ம்.

குழு வந்துச்சு. டிரம்முல பழைய வாயு மிச்சம் இருந்துச்சு, அதனால அடுப்பு ஜோரா எரிஞ்சுது. கைதட்டினாங்க. விருதை வாங்கித் தனக்கோடி தலைக்கு மேல தூக்கிக் காட்டினாரு. மேடைக்கு யார் யாரையோ கூப்பிட்டாங்க. வெள்ளத்தாயைக் கூப்பிடல.

குழு வந்துபோன நாலாம் நாள் டிரம்மு உக்காந்துருச்சு. பொத்துன்னு இல்ல. மெதுவா, நோயாளி உக்கார்ற மாதிரி. வெள்ளத்தாய் காதை வச்சுக் கேட்டா. குபுக் இல்ல. ஒண்ணுமே இல்ல. முப்பத்தெட்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சுது. பொம்பளைங்க அரிவாளை எடுத்துக்கிட்டு மறுபடி முள்ளுக்காட்டுக்கு நடந்தாங்க.

அவ மூணு காரியம் செஞ்சு பாத்தா.

முதல்ல, பசியா இருக்கும்னு நல்ல சாணியாக் கரைச்சு ஊத்தினா. ரெண்டு நாள் காத்திருந்தா. டிரம்மு அசையல.

அப்புறம், ஓட்டையா இருக்கும்னு சோப்புத் தண்ணியைக் குழாய் பூராத் தடவினா. எங்கயாவது நுரை முட்டை விடுதான்னு மூட்டு மூட்டாப் பாத்தா. ஒரு முட்டை இல்ல.

அப்புறம், நாலு மைல் நடந்து, அடுத்த ஊர்ப் பால்காரர் வீட்டுத் தொட்டியிலேருந்து பூச்சி உயிரோட இருக்கிற கரைசல் ஒரு குடம் தலையில சுமந்துக்கிட்டு வந்தா. ரெண்டு தண்ணி கேன் எடுத்தா. ரெண்டுலயும் அந்தக் கரைசல், அதே சாணி, அதே தண்ணி. ஒண்ணுல மட்டும் பினாயில் கலந்தா. ரெண்டு வாயிலயும் சிவப்பு பலூனை மாட்டி வெயில்ல வச்சா. அஞ்சாம் நாள் ஒரு பலூன் விம்மி நிமுந்துச்சு. இன்னொண்ணு செத்த எலி வால் மாதிரி தொங்குச்சு.

அதைப் பாத்துக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. தொட்டியைக் கொன்னது என்னன்னு தெரிஞ்சுபோச்சு. கொன்னது யாரு கைன்னும் தெரியும்.

அப்போ ஊர்ல ஒரு சேதி. அக்டோபர் ரெண்டாந்தேதி கிராம சபையில தீர்மானம் வரப் போகுது. தொட்டி பழுதாயிருச்சு, பராமரிப்பு சரியில்ல, மண்ணைப் போட்டு மூடிட்டு, அந்த இடத்துல விருது வாங்கின ஞாபகமா ஒரு அலங்கார வளைவு கட்டணும். அடுப்பைக் கொன்னுட்டு அடுப்புக்கு வளைவு! விளங்குமா?

சபைக்கு முதல் நாள் மத்தியானம் தனக்கோடி தொட்டிப் பக்கம் வந்தாரு. குரல் வெல்லமா இருந்துச்சு.

"வெள்ளத்தாயி, பலூன் கிலூன்னு ஏதோ வச்சிருக்கியாம். வேண்டாம். சபையில கேட்டா, டிரம்மு துரு புடிச்சுப்போச்சு, அவ்வளவுதான்னு சொல்லு. உன் பேரும் வராது, என் பேரும் வராது. உனக்கு ஊராட்சியில வேற வேலை போட்டுத் தர்றேன்."

"பேசினா?"

"பேசினா, ஊத்தினது நீதானம்மா. நான் பாத்தேனே."

போயிட்டாரு. அவர் சொன்னது பொய்யா இருந்தா வெள்ளத்தாய் ஏசிட்டுப் போயிருப்பா. நெசமா இருக்கே. பேசாம இருந்தா வேலை நிக்கும், மானம் நிக்கும். வயித்துக்குள்ள மண்ணு விழும். பேசினா, முப்பத்தெட்டு வீட்டுப் பொம்பளைங்க மூஞ்சியிலயும் முழிச்சு, நாந்தான்னு சொல்லணும்.

மறுநாள் சமுதாயக் கூடத்துல சனம் நெருங்கி உக்காந்திருந்துச்சு. ஒன்றியத்துலேருந்து ஒரு அதிகாரி வந்திருந்தாரு. இசக்கிராஜ் நோட்டைப் பிரிச்சு வாசிச்சாரு: "பராமரிப்பின்மையால் பழுதான தொட்டியை மூடுவது எனத் தீர்மானிக்கப்படுகிறது."

"தீர்மானிச்சது யாரு? நாங்க இன்னும் வாயே திறக்கலையே!"ன்னா மாடத்தி மதினி.

வெள்ளத்தாய் எழுந்திரிச்சா. ரெண்டு கேனையும் தூக்கிக்கிட்டுப் போயி அதிகாரி மேசையில வச்சா. டொக். டொக். நிமுந்த பலூன் ஒண்ணு, தொங்குற பலூன் ஒண்ணு. என்ன கலந்தான்னு சொன்னா. "அய்யா, தொட்டி பழுதாகல. விசம் குடிச்சிருக்கு. உள்ள இருக்கிறதை இறைச்சுட்டுப் புதுக் கரைசல் ஊத்தினாப் பொழைச்சுக்கும்."

சனம் சலசலன்னுச்சு. தனக்கோடி சட்டுன்னு எந்திரிச்சாரு. "சரி, விசந்தான். தொட்டியில ஊத்துறது யாரு வேலை? எம் வேலையா? இவ வேலை. கேளுங்க, இவளையே கேளுங்க!"

எல்லாக் கண்ணும் அவ மேல. தெரியாம ஊத்திட்டேன்னு சொல்லலாம். நம்பிருவாங்க. பாவம்னு சொல்லுவாங்க.

"நாந்தான் ஊத்தினேன்"ன்னா வெள்ளத்தாய். "தெரியாம இல்ல. தண்ணி வெளுத்திருந்துச்சு, பாத்தேன். பாத்துட்டுத்தான் ஊத்தினேன். மேடையில கூப்பிடுறேன்னாங்க, அந்த ஆசையில ஊத்தினேன். எழுதுங்க, எம் பேரை எழுதுங்க."

முள்ளு கீறின கையோட உக்காந்திருந்த ஒரு பொம்பளை "அடிப்பாவி!"ன்னு கத்தினா. வெள்ளத்தாய் தலையைக் குனியல.

அப்போ மாடத்தி மதினி எந்திரிச்சா. "ஊருணியைக் கெடுத்தவன் ஊருணியை இறைக்கணும். நம்ம ஊர் வழக்கம் அதுதானே? கெடுத்த கைதான் இறைக்கணும்."

"சரியாச் சொன்னீங்க!" தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இவளே இறைக்கட்டும்!"

"இறைக்கிறேன். இன்னைக்கே இறங்குறேன்"ன்னா வெள்ளத்தாய். "கொட்டகையைப் பினாயில் ஊத்திக் கழுவச் சொன்னவரும் என்கூட வாளியைப் பிடிக்கணும். அவரு பேரையும் எழுதுங்க."

இசக்கிராஜ் பேனாவைக் கடிச்சாரு. "நிர்வாகத்தின் உத்தரவுப்படின்னு எழுதிக்கலாமா?"

"நிர்வாகத்துக்குக் கை இருக்கா? வாளி பிடிக்குமா?"ன்னா வெள்ளத்தாய்.

"விருதுக் குழுவின் வருகையை முன்னிட்டுன்னு..."

"குழுவா கையெழுத்து வாங்க எங்க வீட்டுக்கு வந்துச்சு? நீதான்யா வந்த!"ன்னா மாடத்தி மதினி.

"பொதுமக்கள் விருப்பத்தின் பேரில்?"

அவ்வளவுதான். கீழத்தெரு, மேலத்தெரு, மொத்தமும் எந்திரிச்சுருச்சு. "எங்க விருப்பமா? எங்க அடுப்பை நாங்களே அணைப்போமா?" தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்குற நோட்டு வரிசையில போச்சு. ஒருத்தரும் பேனாவைத் தொடல. போன மாதிரியே வெள்ளையாத் திரும்பி வந்துச்சு.

தனக்கோடி மெதுவாச் சொன்னாரு, "இசக்கி, யோசிச்சு எழுது. நாளைக்கும் நான்தான் தலைவர்."

இசக்கிராஜ் வெள்ளத்தாயைப் பாத்தாரு. தன் பேரைத் தானே குடுத்துட்டு ஒருத்தி நிக்கிறா. அவ முன்னாடி இன்னொருத்தர் பேரை எப்படி முழுங்குறது? குனிஞ்சாரு. கிறுக், கிறுக், கிறுக். எழுதினாரு.

அதிகாரி சொன்னாரு, "எழுதினதை வாசிங்க. வாசிச்சாத்தான் தீர்மானம்."

இசக்கிராஜ் எந்திரிச்சாரு. "தொட்டியை மூடும் முடிவு கைவிடப்படுகிறது. விசம் கலந்த கரைசலை, தொட்டியைக் கெடுத்தவர்களே இறைக்க வேண்டும். ஊற்றியவர், கீழத்தெரு வெள்ளத்தாய்."

"இருக்கேன்"ன்னா அவ.

"கழுவ உத்தரவிட்டவர்..." நின்னுட்டாரு. மேல காத்தாடி மட்டும் கிரீச், கிரீச்.

"சத்தமா வாசி அய்யா"ன்னா வெள்ளத்தாய். "கடைசி வரிசைக்கும் கேக்கட்டும்."

இசக்கிராஜ் கண்ணை மூடித் திறந்தாரு. அப்புறம், எல்லாரும் கேக்க வாசிச்சாரு: "மேலத்தெரு, நல்லபெருமாள் மகன், தனக்கோடி."

பேரை வாசிச்சாச்சு. இப்ப அந்த நாலாவது விரலை மடக்கு. கதை முடிஞ்சுருச்சு. கண்ணை மூடு.